உங்களுக்குத் தெரியுமா? – பழைய ஹெட் ஸ்டட்: வாங்கும் முன்னும் இறுக்கும் முன்னும்

★ டீசல் எஞ்சினின் ஹெட்டைப் பிளாக்கோடு பிடித்து வைத்திருப்பவை ஒரு சாண் நீளம்கூட வராத சில எஃகுத் தண்டுகள்தாம். இரண்டு முனையிலும் மரை. ஒரு முனை பிளாக்குக்குள் போகும், மறுமுனையில் நட்டு ஏறும். இதற்குப் பெயர் ஸ்டட். தலையும் தண்டும் ஒரே துண்டாக இருந்தால் அது போல்ட்டு. இந்த வாரப் பக்கம் முழுக்க இந்தத் தண்டுக்குத்தான்; அதுவும் ஏற்கெனவே ஓர் எஞ்சினில் உழைத்துவிட்டு மறுபடி விலைக்கு வந்திருக்கிற தண்டுக்கு.

★ எரியும் வாயு ஹெட்டை எவ்வளவு பலத்தோடு தூக்கும்? 95 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு சுமார் 71 சதுர சென்டிமீட்டர். டர்போ வைத்த டீசலில் உச்ச அழுத்தம் 150 பார் தொடுவது சாதாரணம். பெருக்கினால் ஏறத்தாழ 10,800 கிலோ. ஒரு சிலிண்டரில், ஒரு முறை எரியும்போது மட்டும் இது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் இந்த அடி வினாடிக்கு 25 தடவை விழும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் இதில் பாதி அழுத்தம் வந்தாலே பெரிது.

★ ஸ்டட் என்பது பார்வைக்குக் கம்பி, வேலையில் ஸ்பிரிங். நட்டை இறுக்கும்போது தண்டு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது முயல்வதுதான் ஹெட்டை அமுக்கிப் பிடிக்கும் பிடி. எவ்வளவு நீளும்? 150 மில்லிமீட்டர் இழுபடும் நீளமுள்ள ஸ்டட்டை நல்ல இறுக்கத்தில் வைத்தால் அரை மில்லிமீட்டர்தான். அந்த அரை மில்லிமீட்டரை நம்பித்தான் லாரி மலை ஏறுகிறது.

★ டார்க் ரெஞ்ச் அளப்பது இறுக்கத்தை அல்ல, உராய்வை! நீங்கள் கொடுக்கும் முறுக்கில் (அதுதான் டார்க்) ஏறத்தாழ பாதி, நட்டின் அடிப்பக்கம் வாஷரோடு தேய்வதில் போய்விடும். நாற்பது சதவீதம் மரைக்குள் தேய்வதில் போகும். மிச்சம் பத்து சதவீதம்தான் ஸ்டட்டை நீட்டும். உராய்வில் சின்ன மாற்றம் வந்தாலும் அந்தப் பத்தில்தான் கை வைக்கும். ரெஞ்ச் எவ்வளவு துல்லியமாக ‘டிக்’ அடித்தாலும், டார்க் வைத்து இறுக்குகிற முறையில் உண்மையான பிடி 25 முதல் 30 சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்யலாம் என்பது பொறியியல் நூல்கள் ஒப்புக்கொண்ட கணக்கு.

★ இதை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், மரை இடைவெளி 1.75. புத்தகம் 120 நியூட்டன் மீட்டர் என்கிறது. மரை காய்ந்திருந்தால், உராய்வைப் பொறுத்து மாறும் முறுக்குக் கெழு 0.2 என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். அப்போது கிடைக்கும் பிடி 50,000 நியூட்டன், அதாவது சுமார் 5 டன். அதே ஸ்டட்டுக்கு மாலிப்டினம் கிரீஸ் தடவி, அதே 120-க்கு இறுக்குங்கள். கெழு 0.12-க்கு இறங்கும், பிடி 83,000 நியூட்டனுக்கு எகிறும், எட்டரை டன். ஸ்டட்டின் மரைப் பகுதிப் பரப்பு 84 சதுர மில்லிமீட்டர்தான். ஆக ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமப்பது முதல் கணக்கில் சுமார் 590 நியூட்டன், இரண்டாவதில் சுமார் 990. 10.9 தரத்து எஃகு 940-க்கே திரும்பாமல் நீள ஆரம்பித்துவிடும். ரெஞ்ச் காட்டியது இரண்டு முறையும் அதே 120. ஸ்டட் கெட்டது இரண்டாம் முறை. “நல்லா கிரீஸ் போட்டு இறுக்குப்பா” என்று சொல்லும் முதலாளி, புத்தகத்தில் இருக்கும் எண் காய்ந்த மரைக்கா, எண்ணெய் மரைக்கா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

★ அப்படியானால் பழைய ஸ்டட்டை மறுபடி போடலாமா? எதற்காகச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. எஃகை ஓர் எல்லை வரை இழுத்தால் விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். எல்லை தாண்டினால் நீண்டது நீண்டதுதான். பல புதிய எஞ்சின்களின் ஹெட் போல்ட்டை வேண்டுமென்றே அந்த எல்லைக்குக் கொண்டுபோய், இத்தனை டிகிரி திருப்பு என்று கோணக் கணக்கில் இறுக்குவார்கள். பிடி எல்லாப் போல்ட்டிலும் சீராக வரும். ஆனால் அதற்கு ஒரே வாழ்க்கை, கழற்றினால் காயலாங்கடைக்குத்தான். அதைப் பழையதாக யாராவது விற்க வந்தால் பேரம் பேசக்கூட நிற்க வேண்டாம். கனரக ஸ்டட்டுகளோ எல்லைக்குக் கீழேயே நிற்கும்படி டார்க் குறிக்கப்பட்டவை. ஒழுங்காக இறுக்கி ஒழுங்காகக் கழற்றியிருந்தால் பல தடவை போடலாம். பழைய ஸ்டட்டுக்கு ஒரு சந்தை இருப்பதே இதனால்தான்.

★ நடுவில் ஒரு ரகமும் உண்டு. கம்மின்ஸ் பி வரிசை எஞ்சினின் ஹெட் போல்ட்டுகளைக் கழற்றிய பின் அளவுகோலில் வைத்து நீளம் பார்ப்பார்கள். வரம்புக்குள் இருந்தால் மறுபடி போடலாம், தாண்டினால் தூக்கிப் போட வேண்டும். அந்த 5.9 லிட்டர் ஆறு சிலிண்டரில் இப்படி அளக்க வேண்டியவை 26.

★ அமெரிக்காவில் பழைய ஸ்டட் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் வந்து நிற்கும். நேவிஸ்டார் நிறுவனம் செய்து கொடுத்த எஞ்சின் அது. 2003 மாடல் பிக்கப்புகளில் வந்தது. அதற்கு முன்னிருந்த 7.3 லிட்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் ஆறு போல்ட்டு. புதியதில் நான்காகக் குறைத்தார்கள். ஹெட்டுக்குப் பத்து, இரண்டு ஹெட்டுக்கும் சேர்த்து இருபது. அவையும் ஒருமுறை மட்டுமே போடக்கூடிய நீளும் ரகம். ஆயில் கூலர் அடைத்துக்கொள்ளும், அதனால் புகைக் குளிர்விப்பான் சூடேறி வெடிக்கும், தண்ணீர் சிலிண்டருக்குள் போகும், அழுத்தம் எகிறி போல்ட்டு நீளும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் அடித்துவிடும். வாரண்டிச் செலவை யார் தலையில் கட்டுவது என்று ஃபோர்டு 2007 ஜனவரியில் நேவிஸ்டார்மீது வழக்குப் போட்டது. 2009-ல்தான் சமரசம். இதற்குள் வண்டிக்காரர்கள் தாங்களே வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: போல்ட்டைத் தூக்கிவிட்டு ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஸ்டட்டுகளைப் போடுவது. கலிஃபோர்னியாவில் 1968-ல் தொடங்கிய நிறுவனம். பந்தய எஞ்சின்களுக்கு மரைச் சாமான் செய்து பெயர் வாங்கியது. ஹெட்டைத் தொட வசதியாகப் பல பட்டறைகளில் டிரைவர் கேபினையே வண்டியிலிருந்து அப்படியே தூக்கி மேலே வைத்துவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஸ்டட்டைவிடக் கூலி அதிகம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

★ அந்த வண்டிகள் இப்போது உடைப்புக்கு வருகின்றன. வண்டி போனாலும் ஸ்டட் இருக்கிறது. அதனால் இருபது ஸ்டட்டும் தனியாக விலைக்கு வரும். சென்னை புதுப்பேட்டையிலும் இதே கதைதான். வண்டி பெயரை வைத்து எஞ்சின் வாங்கும் இடமாகத்தான் ஊர் அதைப் பார்க்கிறது. நட்டும் ஸ்டட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் தனித்தனியாகக் குவிந்து கிடக்கிற கடையை யாரும் பார்ப்பதில்லை. அங்கே நின்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கிற மெக்கானிக்குகள்தாம் விஷயம் தெரிந்தவர்கள்.

★ விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல: “எந்த எஞ்சின்ல இருந்து எடுத்தது? ஏன் கழட்டினீங்க?” எஞ்சின் மாற்றம், விபத்து, பேரிங் போனது என்றால் பிரச்சினை இல்லை. “கேஸ்கெட் அடிச்சிருச்சு” என்று பதில் வந்தால், அந்த ஸ்டட்டுகளே நீண்டுபோய் கேஸ்கெட்டை விட்டுக் கொடுத்திருக்கலாம். பதிலே வராவிட்டால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது: “செட்டு ஒண்ணா இருக்கா?” பதினேழு பழையது, மூன்று புதியது என்று கலந்து போட்டால் ஒரே டார்க்கில் இருவேறு பிடி வரும். பலமுறை ஏறி இறங்கி மழமழப்பான பழைய மரையின் உராய்வு வேறு, புது மரையின் உராய்வு வேறு.

★ இனி கையில் எடுத்துப் பார்க்கலாம். முதலில் நட்டை விரலால் ஏற்றுங்கள். மரையின் கடைசி வரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பாதியில் ஓரிடத்தில் பிடித்து, அதைத் தாண்டியதும் மறுபடி இலகுவானால், அந்த இடத்தில் மரை நீண்டிருக்கிறது. ஸ்டட் நீளும்போது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நீளாது. பெரும்பாலும் நட்டுக்குக் கீழேயுள்ள மரைகளில்தான் முதலில் விட்டுக் கொடுக்கும்.

அடுத்து, அதே மரையளவுள்ள புது போல்ட்டு ஒன்றை எடுத்து ஸ்டட்டின் மரைமேல் பல்லோடு பல் பொருந்தப் படுக்க வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. ஒரு முனையில் பல் சரியாக உட்கார்ந்து மறுமுனையில் ஏறி நின்றால் மரை இடைவெளி அகன்றுவிட்டது.

மூன்றாவது வெர்னியர். தண்டின் நடுப்பகுதியை மேலிருந்து கீழாக ஐந்தாறு இடத்தில் அளக்க வேண்டும். எங்காவது இடுப்பு சிறுத்திருந்தால் ஓரமாக வைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சிறுத்திருந்தால் அது உடையக் காத்திருக்கிறது என்று பொருள்.

கடைசியாகக் கண்ணாடிப் பலகை. எல்லா ஸ்டட்டையும் அதன்மேல் செங்குத்தாக வரிசையில் நிறுத்தி, மேல்முனைகளின்மீது ஓர் எஃகு அளவுகோலை வைத்துப் பாருங்கள். நீண்டது தானே எழுந்து நிற்கும். பிறகு படுக்க வைத்து உருட்டினால் வளைந்தது தள்ளாடும். ஓர் எச்சரிக்கை: ஸ்டட்டுகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே மொத்த நீளத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும். எனவே உயரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்; மரைச் சோதனையில் தேறாததை நீக்குவதே நம்பகமானது.

★ தட்டிப் பார்த்து “கிண்” என்றால் நல்லது, “டொக்” என்றால் விரிசல் என்று சொல்வார்கள். மயிரிழை விரிசல் இதில் அகப்படாது. ரயில்வே பட்டறைகளில் அந்தக் காலத்திலேயே வேறு வழி வைத்திருந்தார்கள்: எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி பூசிக் காத்திருப்பது. விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் பொடியில் கோடாகக் கசியும். இன்றைய சிவப்பு மை, வெள்ளைத் தெளிப்பான் முறையும் அதன் பேரன்தான். எஃகுக்கு இன்னும் நல்லது காந்தமேற்றி இரும்புத் தூள் தூவிப் பார்ப்பது. கிராங்க் ஷாஃப்ட் வேலை செய்கிற பெரிய பட்டறைகளில் இந்த வசதி இருக்கும்.

★ போல்ட்டுத் தலையில் 10.9 என்று இருந்தால் என்ன? முதல் எண்ணை நூறால் பெருக்குங்கள்: ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டனில் அறுந்துபோகும். புள்ளிக்குப் பின்னால் உள்ள 9 என்பது அதில் 90 சதவீதத்தில் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் என்று பொருள். 8.8 என்றால் 800, அதில் 80 சதவீதம், அதாவது 640. இவை பெயரளவுக் கணக்கு. உண்மையான எஃகு இதைவிடக் கொஞ்சம் கூடவே தாங்கும். சென்னை பாடியில் உள்ள சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் செய்யும் போல்ட்டுத் தலையில் டி.வி.எஸ். முத்திரையோடு இந்த எண்ணையும் பார்க்கலாம்.

★ ஸ்டட்டுக்குத் தலை கிடையாது. எண்ணை எங்கே அடிப்பது? முனையில். எண் அடிக்க இடமில்லாத சிறிய ஸ்டட்டுகளுக்கு ஐ.எஸ்.ஓ. தரவிதி படக் குறிகளை வைத்திருக்கிறது: சிறு வட்டம் என்றால் 8.8, கூட்டல் குறி 9.8, சதுரம் 10.9, முக்கோணம் 12.9. கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். துருவைத் துடைத்து நீங்களே பாருங்கள்.

★ ஏமாற்றுவதில் முதலிடம் இதற்குத்தான்: அரை அங்குல நுண்மரையும் 12 மில்லிமீட்டர் நுண்மரையும். அமெரிக்க அரை அங்குல நுண்மரையில் அங்குலத்துக்கு 20 பல், இடைவெளி 1.27 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் நுண்மரையில் இடைவெளி 1.25. பத்துப் பல்லுக்கு வித்தியாசம் வெறும் 0.2 மில்லிமீட்டர். மரை அளவுத் தகட்டை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே உட்காரும். ஆனால் விட்டம் 12.7-ம் 12-ம். அரை அங்குல நட்டு 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் ஜம்மென்று ஏறும், கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அவ்வளவுதான். பல் பாதி ஆழத்துக்குத்தான் கவ்வியிருக்கும். இறுக்கும்போது கடைசிக் கட்டத்தில் மரை வழித்துக்கொண்டு வரும். பழைய நட்டு ‘லூசாக’ ஏறுகிறது என்று தோன்றினால் தேய்மானம் என்று முடிவு கட்டாமல் வெர்னியரை எடுங்கள்.

★ பம்புசெட்டுக்காரர்களுக்கு இதே தலைவலி வேறு வடிவில் வரும். இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் 1929-ல் கொண்டுவந்த மெதுவோட்ட டீசல் எஞ்சினை ராஜ்கோட்டுக்காரர்கள் இன்றுவரை அச்சு அசலாக வார்க்கிறார்கள். அசல் எஞ்சினின் மரை விட்வொர்த் ரகம். பல்லின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரையும் மெட்ரிக் மரையும் 60 டிகிரி. விட்வொர்த்துக்கும் அமெரிக்க மரைக்கும் பல அளவுகளில் பல் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் ஏறிவிடும். ஏறிவிட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை.

★ நட்டோடு சேர்த்துத்தான் ஸ்டட்டை வாங்க வேண்டும். நட்டின் முதல் பல் ஒன்றே மொத்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அடுத்தடுத்த பல்லுக்குக் குறைந்துகொண்டே போகும். அதனால் தேய்வது முதலில் அங்கேதான்.

★ வாஷரையும் விடாதீர்கள். ஸ்டட் செட்டோடு வருவது கடினப்படுத்தி, இருபுறமும் அரைத்த வாஷர். அது தொலைந்துபோய் ஹார்டுவேர் கடை வாஷரைப் போட்டால், நட்டு அதற்குள் அமிழும். அரை மில்லிமீட்டர் நீட்சியில் 0.1 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் பிடியில் ஐந்தில் ஒரு பங்கு காலி.

★ துருப்பிடித்த ஸ்டட்டை ஆசிட்டில் போட்டுப் பளபளவென்று எடுத்துக் கொடுக்கிற கடைகள் உண்டு. மென்மையான இரும்புச் சாமானுக்குப் பரவாயில்லை. 12.9 போன்ற கடின எஃகுக்கு இது விஷம். ஆசிட் இரும்போடு சேரும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். எஃகு நொறுங்கும் தன்மை பெறும். இறுக்கும்போது ஒன்றும் ஆகாது. இரண்டு மணி நேரம் கழித்தோ இரண்டு நாள் கழித்தோ, வண்டி சும்மா நிற்கும்போதே ‘டப்’ என்று முறியும். எலக்ட்ரோ பிளேட்டிங் செய்தாலும் இதே ஆபத்து. 2013 மார்ச்சில் சான்ஃபிரான்சிஸ்கோவையும் ஓக்லாண்டையும் இணைக்கும் புதிய பாலத்தில், இறுக்கி வைத்த 96 பெரிய நங்கூரத் தண்டுகளில் 32 முறிந்தன. காரணம் ஹைட்ரஜன்தான். பளபளப்பான பழைய ஸ்டட்டைவிட, எண்ணெய்க் கறுப்பு அப்படியே இருக்கிற பழைய ஸ்டட்டையே நான் எடுப்பேன். துருக் குழி விழுந்திருந்தால் அதையும் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு குழியும் விரிசல் தொடங்குகிற இடம்.

★ பிளாக்கின் துளையைச் சுத்தம் செய்ய டேப் போட்டு ஓட்டுவது பழக்கம். டேப் வெட்டும், துருவோடு நல்ல இரும்பும் சேர்ந்து போகும். மரையைச் சுத்தம் செய்வதற்கென்றே சேசர் இருக்கிறது. கிடைக்காவிட்டால் பழைய போல்ட்டு ஒன்றின் மரையில் நெடுக்காக இரண்டு மூன்று வாய்க்கால் அறுத்து ஓட்டினாலே போதும்.

★ அடிப்பக்கம் மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் என்ன ஆகும்? திரவம் சுருங்காது. ஸ்டட் இறங்க இறங்க அது ஹைட்ராலிக் ஜாக்கியாகி பிளாக்கையே பிளக்கும். வார்ப்பிரும்பு பிளாக் இப்படி விரிசல் விட்ட கதை எல்லாப் பட்டறையிலும் ஒன்றாவது இருக்கும். துணியைச் சுற்றித் துடைப்பதோடு விடாமல் காற்றடித்து எடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு!

★ சில துளைகள் தண்ணீர் ஓடும் அறைக்குள் திறக்கும். அந்த ஸ்டட்டுகளின் பிளாக் முனைக்கு மரை சீலண்ட் கட்டாயம். பூசாமல் போட்டால் கூலன்ட் மரை வழியாகவே ஏறிவந்து நட்டைச் சுற்றி ஈரமாக நிற்கும்; எல்லோரும் கேஸ்கெட்டைத் திட்டுவார்கள்.

★ ஸ்டட்டைப் பிளாக்குக்குள் எவ்வளவு இறுக்க வேண்டும்? இறுக்கவே வேண்டாம்! விரல் பலத்துக்கு இறங்கி நின்றால் போதும். ஏ.ஆர்.பி. ஸ்டட்டின் மேல்முனையில் ஆலன் கீ போடும் குழி இருக்கும்; அது உட்காரவைக்க மட்டும்தான். அடியில் முட்டும்படி முறுக்கி வைத்தால் ஸ்டட் சாய்ந்து நிற்கும், துளையின் அடியும் அடிபடும்.

★ போல்ட்டை இறுக்கும்போது அது ஒரே நேரத்தில் முறுக்கவும் படுகிறது, இழுக்கவும் படுகிறது. ஸ்டட்டில் சுற்றுவது நட்டு. தண்டுக்குப் பெரும்பாலும் இழுவை மட்டுமே. ஒவ்வொரு தடவை ஹெட்டைக் கழற்றி மாட்டும்போதும் பிளாக்கின் மரை தேயாமல் பிழைப்பது கூடுதல் லாபம்.

★ இறுக்கும் வரிசை நடுவிலிருந்து வெளிப்பக்கம். ஓரத்திலிருந்து தொடங்கினால் கேஸ்கெட் நடுவில் உப்பிக்கொண்டு போக இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும். கழற்றும்போது நேர் எதிர்: ஓரத்திலிருந்து நடுவுக்கு, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. சூட்டோடு கழற்றினால் ஹெட் வளையும்.

★ ஒரே மூச்சில் முழு டார்க்குக்குப் போகக் கூடாது. 6.0 பவர் ஸ்ட்ரோக்குக்கு ஏ.ஆர்.பி. சொல்லும் 210 பவுண்டு-அடியைக்கூட 70, 140, 210 என்று மூன்று படியாகத்தான் ஏற்றுவார்கள். அதுவும் அந்த நிறுவனத்தின் சொந்த கிரீஸைப் பூசி. பழைய ஸ்டட்டை வாங்கும்போது எந்த கிரீஸுக்கு எந்த எண் என்கிற தாளையும் கேட்டு வாங்குங்கள். தாள் இல்லாவிட்டால் கிட் எண்ணைக் கேளுங்கள். உற்பத்தியாளரின் பட்டியலில் தேடிப் பிடித்துவிடலாம். எண்ணெய்க்கான எண்ணை கிரீஸுக்குப் போட்டால் மேலே சொன்ன 990 நியூட்டன் கதைதான்.

★ ரெஞ்சை இழுக்கும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. நின்றுபோன நட்டை மறுபடி நகர்த்துவதற்கு, ஓடிக்கொண்டிருக்கும் நட்டை நகர்த்துவதைவிட அதிக பலம் வேண்டும். இலக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி மறுபடி பிடித்தால் நட்டு நகராமலே ‘டிக்’ கேட்கும். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். நிறுத்திவிட்டால் கால் சுற்று தளர்த்தி, ஒரே இழுவையாகக் கொண்டுவாருங்கள்.

★ டார்க் ரெஞ்ச் பிறந்தது எஞ்சினுக்காக அல்ல. நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், குழாய் இணைப்பு போல்ட்டுகளை ஆட்கள் ஓவராக இறுக்கி முறிப்பதைத் தடுக்க 1918-ல் வடிவமைத்தார்.

★ பட்டறை மூலையில் 200-ல் வைத்தபடியே ஆணியில் தொங்கும் ரெஞ்ச் நம்பிக்கைக்குரியதல்ல. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அமுங்கியே கிடந்து களைத்துவிடும். வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 இறுக்கத்துக்கு ஒருமுறை சரிபார்க்கச் சொல்கிறது தரவிதி. போல்ட்டு கழற்ற அதையே நெம்புகோலாகப் பயன்படுத்துகிறவர் கையில் கொடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

★ இடுக்கில் உள்ள நட்டுக்கு ரெஞ்சின் முனையில் பக்கவாட்டு நீட்சி மாட்டினால் கணக்கு மாறும். ரெஞ்சின் நீளம் 50 சென்டிமீட்டர், நீட்சி 5 என்றால், 200 வேண்டுமானால் 182-ல் வைக்க வேண்டும் (200-ஐ 50-ஆல் பெருக்கி 55-ஆல் வகுங்கள்). நீட்சியை ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் 200-லேயே வைக்கலாம். சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் நடுவே நேராகக் கீழிறங்கும் நீட்சிக் கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை.

★ அலகைக் குழப்பிக்கொண்டு ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். 1 பவுண்டு-அடி 1.36 நியூட்டன் மீட்டர். நம் ஊர்ப் பழைய மேனுவல்களில் இருக்கும் 1 கிலோகிராம்-மீட்டர், 9.8 நியூட்டன் மீட்டர். மேலே சொன்ன 210 பவுண்டு-அடி, 285 நியூட்டன் மீட்டர் ஆகும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 29 கிலோ தொங்கினால் கிடைக்கிற முறுக்கு. “கை பழக்கம் போதும் சார்” என்பவரிடம் அந்தக் கம்பியையும் ஒரு ஸ்பிரிங் தராசையும் கொடுத்துப் பாருங்கள்.

★ பெரிய கப்பல் எஞ்சினில் இந்த உராய்வுத் தகராறே கிடையாது. அங்கே ஸ்டட்டின் மேல் ஹைட்ராலிக் ஜாக்கியை மாட்டி, எண்ணெய் அழுத்தத்தால் தண்டை நேராக இழுத்து நீட்டுவார்கள். நீண்ட நிலையில் நட்டைக் கையால் உட்காரவைத்துவிட்டு அழுத்தத்தை விடுவிப்பார்கள். 960 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் கொண்ட வார்ட்சிலா எஞ்சின் 2006-ல் எம்மா மெர்ஸ்க் கப்பலில் ஏறியது. 140 பார் அழுத்தம் என்று வைத்தாலும் ஒரு சிலிண்டரில் ஹெட்டைத் தூக்கும் விசை ஆயிரம் டன்னைத் தாண்டும். டார்க் ரெஞ்சோடு அங்கே போனால் சிரிப்பார்கள்.

★ ஓட்டிச் சூடேற்றிய பிறகு மறுபடி இறுக்க வேண்டுமா? பழைய ரகக் கலவை கேஸ்கெட் சூட்டில் அமுங்கும். எஞ்சின் மேனுவல் சொன்னபடி மறு இறுக்கம் தேவை. பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. மறு இறுக்கம் செய்வதானால் ஒரே நேரத்தில் எல்லா நட்டையும் தளர்த்தக் கூடாது. வரிசைப்படி ஒரு நட்டைக் கால் சுற்று தளர்த்தி, அதையே முழு டார்க்குக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். தளர்த்தாமல் அப்படியே ரெஞ்சைப் போட்டால் ஒட்டிக்கொண்ட நட்டு நகராது. ‘டிக்’ மட்டும் வரும்.